கேள்வி ஞானத்தில் நாற்பது வருடப் பியானோ: இனியாவது ஒழுங்காக ரெக்கார்ட் செய்யலாமா?

சுண்டுவிரல் எழுதியது:

வணக்கம். பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம், கேள்வி அங்கேதான் இருக்கிறது.

1983இல், எனக்குப் பதினைந்து வயதில், உறவினர் ஒருவர் தனக்கு வேண்டாம் என்று ஒரு 49 கட்டை கீபோர்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும். பெடல் கிடையாது. சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. டேப்ரெக்கார்டரில் ஒரு வரி கேட்பேன், நிறுத்துவேன், கட்டையில் தேடுவேன், மறுபடி ஓட்டுவேன். பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும், சுருதியும் கூடவே இறங்கும் என்பது அப்போது தெரியாது. அதனால் சில பாட்டுகளை மாதக்கணக்கில் அரைக் கட்டை கீழே வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் புது பேட்டரி போட்டதும் எதுவுமே ஒட்டவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

மெட்டுப் போட ஆரம்பித்ததும் ஆசைப்பட்டு இல்லை. மற்றவர்கள் பாட்டில் கை சிக்கும் இடங்களை எனக்கு வசதியாக மாற்றிக்கொள்வேன். மாற்றி மாற்றி ஒரு கட்டத்தில் மூலப்பாட்டே காணாமல் போய்விடும். மிச்சம் இருந்தது என்னுடையது.

1990இல் ஒரு நண்பன் நான்கு டிராக் (ஒரே டேப்பில் நான்கு தனித்தனித் தடங்கள்) கேசட் ரெக்கார்டர் ஒன்றை இரவல் கொடுத்தான். 1979இல் டாஸ்கேம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ வழியில் வந்த கருவி. மூன்று டிராக்கில் வாசித்து, மூன்றையும் நான்காவதில் இறக்கி, முதல் மூன்றை அழித்து மறுபடி வாசிப்பேன். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டேப்பின் இரைச்சல் ஒரு சுற்று பெருகும். மூன்றாவது சுற்றில் மழைக்குள் உட்கார்ந்து வாசித்தது போல் இருக்கும். அப்படியும் அந்த ஒரு மாதத்தில் பதினோரு துண்டுகள் பதிவு செய்தேன்.

அதில் ஒரு கூத்து. அந்தக் கருவி சாதாரண கேசட் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். எனக்கு அது உறைக்கவில்லை. கேசட்டை அப்படியே எடுத்துப்போய் இன்னொரு நண்பனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வீட்டு பிளேயரில் எல்லாம் பாதி வேகத்தில், ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே கேட்டிருக்கிறது. நல்ல பையன், மறுபக்கமும் போட்டிருக்கிறான். நான்கு டிராக் கருவி இரண்டு பக்கத்தையும் ஒரே திசையில் எழுதும் அல்லவா, அதனால் மறுபக்கத்தில் மூன்றும் நான்கும் தலைகீழாக ஓடின. "முதல் பக்கம் அருமை, ரொம்ப ஆழம். இரண்டாம் பக்கம் எனக்குப் புரியவில்லை, ஆனால் தைரியமான முயற்சி" என்றான். நான் போய்க் கேட்டேன். முதல் பக்கம் நிஜமாகவே நான் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. அன்றிலிருந்து என் துண்டுகள் எல்லாம் பாதி வேகத்துக்கு வந்துவிட்டன.

நிஜப் பியானோவைத் தொட்டது 1992இல். கட்டை இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் வேலை, குடும்பம். 1996 முதல் 2008 வரை எதையும் தொடவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கினேன். இன்றுவரை 31 துண்டுகள் கையில் இருக்கின்றன. நொட்டேஷன், அதாவது இசையைத் தாளில் குறிப்பது, எழுதத் தெரியாது. எல்லாம் மிடி கோப்பாகவும் (ஒலியை அல்ல, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினேன் என்பதைப் பதியும் கோப்பு) விரலிலும் இருக்கிறது. மூன்றை இங்கே இணைத்திருக்கிறேன்.

கேள்வி: இவற்றை ஒரு தொகுப்பாகப் பதிவு செய்ய ஆசை. டிஜிட்டலிலேயே முடித்துவிடலாமா, நிஜப் பியானோவுக்கு மைக் வைப்பதா? அதற்கு முன்னால் இந்த வயதில் நொட்டேஷன் கற்றுத்தான் ஆகவேண்டுமா?

---

சுருதிப்பெட்டி எழுதியது:

"தைரியமான முயற்சி" 😂 அந்த நண்பருக்கு உண்மை தெரியுமா?

---

சுண்டுவிரல் எழுதியது:

சொல்லவே இல்லை.

---

முதல்பாடம் எழுதியது:

இருபத்தாறு வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். தானாகக் கற்றவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, அவர்களைச் சுற்றிக் கட்டும் கதைகளில் இல்லை. இப்படி இழை வந்தால் உடனே யாராவது அமெரிக்க இசையமைப்பாளர் இர்விங் பெர்லினைக் கொண்டுவருவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவருக்கு நொட்டேஷன் தெரியாது. பெரும்பாலும் எஃப் ஷார்ப்பில், கருப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார். வேறு சுருதி வேண்டுமென்றால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும், ஸ்வரம் மாறும் பியானோ வைத்திருந்தார். எல்லாம் சரி. ஆனால் அவர் போட்ட மெட்டை உட்கார்ந்து எழுதிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

உங்கள் மூன்றையும் கேட்டேன். இரண்டாவதில் வலது கை வேகமாக ஏறும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நான்காவது ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெட்டு விழுகிறது. கட்டைவிரலை அடியில் நுழைக்காமல் கையையே தூக்கி வைக்கிறீர்கள், சரியா? சி மேஜரை வலது கையில் ஏறும்போது விரல்கள் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) 1-2-3, பிறகு கட்டைவிரல் அடியில் போய் 1-2-3-4-5. இறங்கும்போது அதே கணக்குத் திரும்பி வரும், மூன்றாவது விரல் கட்டைவிரலைத் தாண்டும். இது ஒரு வாரப் பாடம். நாற்பது வருடமாக நீங்கள் இல்லாமல் சமாளித்திருக்கிறீர்கள். மணிக்கட்டு வலி உண்டா?

---

சுண்டுவிரல் எழுதியது:

உண்டு. வலது கை, வெளிப்பக்கம். கேட்டே கண்டுபிடித்துவிட்டீர்களே.

ஏகலைவனுக்காவது கட்டைவிரலைக் கேட்க ஒரு குரு இருந்தார். எனக்கு அதை அடியில் நுழைக்கச் சொல்லக்கூட ஆளில்லை, டீச்சர்.

---

ஒலிமூலை எழுதியது:

நான் ரெக்கார்டிங் பக்கம். நொட்டேஷன் சண்டையில் தலையிடவில்லை.

முதலில் டிஜிட்டல். மிடியாகவே பதிவு செய்யுங்கள், ஒலியை அப்புறம் எந்தப் பியானோவாகவும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: உங்கள் பெடல் ஆன்-ஆஃப் வகையா, அல்லது பாதி அழுத்தத்தையும் உணரும் வகையா? உங்கள் முதல் துண்டில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாறும் இடமெல்லாம் ஒலி கத்தரித்தது போல நிற்கிறது. நிஜப் பியானோவில் பெடலைப் பாதி தூக்கினால் பழைய ஒலி கொஞ்சம் தங்கும். ஆன்-ஆஃப் பெடல் அதை அனுப்பாது.

கணினியில் வாசிக்கும்போது ஒலி தாமதமாக வந்தால் பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து வெளியே விடும் அளவை, குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் அதுவே 21 மில்லிசெகண்ட், 128 என்றால் 3க்கும் கீழே. 21இல் வாசித்தால் காரணம் தெரியாமலே கை இழுக்க ஆரம்பிக்கும், "இன்றைக்கு மூடு சரியில்லை" என்று எழுந்துபோவீர்கள். பாதிப் பேருக்கு மூடு கெடுவது இதனால்தான்.

இனி நிஜப் பியானோ. அப்ரைட் என்றால் சுவரிலிருந்து நகர்த்துங்கள், மேல் மூடியைத் திறந்து இரண்டு மைக்கை மேலிருந்து சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். இடத்தை அளவுநாடாவால் தேடாதீர்கள். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுற்றி நடங்கள். நன்றாகக் கேட்கும் இடம் எதுவோ அங்கே மைக். பதிவு அன்றைக்கே, அல்லது முந்தைய நாள் சுருதி கூட்டச் சொல்லுங்கள். பியானோவுக்குள் இருக்கும் ஒலிப்பலகை காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், தந்தி இழுபடும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். போன மாதம் கூட்டியது இந்த மாதத்துக்கு ஆகாது.

லெவலைச் சிவப்புக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். 24 பிட்டில் மைனஸ் 12 டெசிபலில் உச்சம் நின்றாலே தாராளம். டேப் காலத்துப் பழக்கம் உங்களை மேலே தள்ளச் சொல்லும், கேட்காதீர்கள்.

---

புதுக்கை எழுதியது:

நாற்பத்தொரு வயதில் ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. சுண்டுவிரல் சார், ஒரு துண்டு எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? நான் உட்கார்ந்தால் நாலு கார்டு வாசிக்கிறேன், மறுபடி அதே நாலு கார்டு.

---

சுண்டுவிரல் எழுதியது:

அந்த நாலு கார்டில் தப்பு இல்லை. ஒரே மாதிரி பிடிப்பதில்தான் தப்பு. சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது முழுக் கையையும் தூக்கி வைக்கிறீர்களா? இரண்டுக்கும் சி, இ இரண்டும் பொது. ஜி-யில் இருக்கும் விரல் மட்டும் ஏ-க்கு நகர்ந்தால் போதும். அப்படி ஒரு விரல் மட்டும் நகரும்போது அந்த நகர்வே ஒரு மெட்டு மாதிரி கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

எனக்கு எப்போதும் இடது கையில்தான் ஆரம்பிக்கும். மூன்று ஸ்வரம்: கீழே ஆதாரம், அதன் ஐந்தாவது, அதற்கு மேலே ஆக்டேவ் தாண்டிய மூன்றாவது. என் கைக்கு அது எட்டாது, அதனால் உருட்டித்தான் வாசிப்பேன். பெடல் இல்லாத காலத்தில் உருட்டினால் முதல் ஸ்வரம் செத்துவிடும். அதனால் அதைச் சுண்டுவிரலால் முடிந்தவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மற்றவற்றை எடுக்கப் பழகினேன். (பெயர்க் காரணம் அதுதான்.) இன்றும் பெடலை மிதித்துக்கொண்டே சுண்டுவிரலையும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன், தேவையே இல்லாமல்.

அப்புறம் தப்பு. போன வருடம் எஃப் மைனர் பிடிக்கப் போய் ஒரு விரல் வழுக்கி, ஏ ஃபிளாட்டுக்குப் பதில் ஜி விழுந்தது. இருபது நிமிடம் அந்தத் தப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். இணைத்ததில் மூன்றாவது துண்டு அதுதான். தப்பு விழுந்தால் உடனே திருத்தாதீர்கள், அதையே இரண்டாம் முறை வாசித்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் தப்பாகத் தெரிந்தால் தப்புதான், விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் தெரியும், அது வேறு விஷயம்.

கிடைத்ததை உடனே போனில் பதிந்துவிட்டு எழுந்துவிடுவேன். மறுநாள் கேட்காமலே வாசித்துப் பார்ப்பேன். கைக்கு நினைவிருப்பது மட்டும் தங்கும்.

---

நேர்கோடு எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். 31 தனிப் பியானோ துண்டுகளை யார் கேட்கப்போகிறார்கள்? நல்லதாக நாலு எடுங்கள், கிளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) வைத்து வாசியுங்கள், குவாண்டைஸ் (ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்குள் தானாக நகர்த்தும் வசதி) போட்டு நேராக்குங்கள், முடிந்தது. மூன்றிலும் வேகம் தள்ளாடுகிறது.

---

ஒலிமூலை எழுதியது:

தள்ளாட்டம் இரண்டாவது துண்டில் நிஜம். மற்ற இரண்டிலும் மூச்சு. குவாண்டைஸ் இரண்டையும் பிரித்துப் பார்க்காது, எல்லாவற்றையும் இழுத்துக் கட்டத்தில் வைத்துவிடும். தனிப் பியானோவுக்கு அதைப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எண்ணிக்கையில் நேர்கோடு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 31 அதிகம்.

---

பின்னிரவு எழுதியது:

எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்க மட்டும் தெரியும். மூன்றையும் நாலைந்து முறை கேட்டேன். ஒரு சந்தேகம், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றிலும் மெட்டு மெல்ல மேலே ஏறுகிறது. இன்னும் ஒரு படி இருக்கிறது, இதோ தொடப்போகிறார் என்று காது காத்திருக்கும்போது திரும்பி இறங்கிவிடுகிறது. மூன்று துண்டும் வேறு வேறு, ஆனால் திரும்பும் இடம் ஒன்றே என்று தோன்றுகிறது. வேண்டுமென்றேதான் செய்கிறீர்களா?

---

சுருதிப்பெட்டி எழுதியது:

இப்போதுதான் கட்டையில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் உச்சம் ஒரே சி. நடு சி-க்கு இரண்டு ஆக்டேவ் மேலே.

---

முதல்பாடம் எழுதியது:

49 கட்டை கீபோர்டின் கடைசிக் கட்டை.

---

சுண்டுவிரல் எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பதில் போடவே கை வரவில்லை.

31 மிடி கோப்பையும் திறந்து ஒவ்வொன்றிலும் மிக உயரமான ஸ்வரத்தைப் பார்த்தேன். மிடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண் உண்டு, நடு சி 60, இந்த சி 84. ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். 84, 84, 81, 84, 84, 79, 84... இருபத்தாறில் உச்சம் 84. மீதி ஐந்து அதற்கும் கீழே. 84ஐத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. 2008 முதல் என் முன்னால் அதற்கு மேலே இன்னும் 24 கட்டைகள் இருக்கின்றன. தூசி துடைக்கும்போது மட்டும் தொட்டிருக்கிறேன்.

பழைய கீபோர்டு பரணில்தான் கிடக்கிறது. இறக்கி வைத்துப் பார்த்தேன். கடைசி சி-யை அழுத்தினால் விரலின் ஓரம் பக்கத்துப் பிளாஸ்டிக் விளிம்பில் இடிக்கும். அந்த இடி இன்னும் கையில் இருக்கிறது. புதிய பியானோவில் அந்த சி-க்குப் பக்கத்தில் டி இருக்கிறது, ஆனால் கை அங்கே போனதும் தானாக மடங்குகிறது. இரண்டு நாளாக வேண்டுமென்றே தாண்டி வாசித்துப் பார்த்தேன். அடுத்தவர் வீட்டில் கேட்காமல் நுழைந்தது மாதிரி இருக்கிறது.

வருத்தமா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 'இது என் பாணி' என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு நான், எவ்வளவு அந்தப் பெட்டி?

---

நேர்கோடு எழுதியது:

சார், இது பெரிய விஷயம் இல்லை. அந்தக் காலத்துப் பியானோக்களே ஐந்து ஆக்டேவ்தான். மொசார்ட் அதற்குள்தான் எழுதினார், மேல் எஃப் தாண்ட வழியில்லை. கருவி எங்கே முடிகிறதோ மெட்டு அங்கே திரும்பும்.

---

முதல்பாடம் எழுதியது:

நேர்கோடுடன் முதல் முறையாக ஒத்துப்போகிறேன். ஒரு சின்ன வித்தியாசம்: அந்தக் கருவி எங்கே முடிகிறது என்று மொசார்ட்டுக்குத் தெரியும்.

சுண்டுவிரல், ஒரு பயிற்சி. மூன்றாவது துண்டை அப்படியே நான்காவது ஸ்வரத்துக்கு மேலே தள்ளி, எஃப் மைனரில் இருப்பதை பி ஃபிளாட் மைனரில் வாசியுங்கள். உச்சம் தானாக எஃப்-க்குப் போகும். விரல் கணக்கு மாறும், கட்டைவிரல் நுழைந்தே தீரவேண்டும், அதனால் என் பாடமும் நடந்துவிடும். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுங்கள்.

நொட்டேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிடியை அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். கற்றுக்கொள்ள விரும்பினால், உங்கள் கையில் இருப்பதைத் தாளில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஜாஸ் பியானோக் கலைஞர் எர்ரோல் கார்னர் கடைசிவரை நொட்டேஷன் படிக்காமலே வாசித்தார் என்பது எனக்கும் தெரியும், யாரும் நினைவூட்ட வேண்டாம்.

---

புதுக்கை எழுதியது:

டீச்சர், கருப்புக் கட்டைகளை மட்டும் எஃப் ஷார்ப்பிலிருந்து வரிசையாகத் தட்டினால் மோகனம் வருகிறதே! பெர்லின் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தட்டிப் பார்த்தேன். நாலு கார்டை இரண்டு நாளாகத் தொடவே இல்லை.

---

சுண்டுவிரல் எழுதியது:

ஆறு வாரம் ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டீர்கள்.

31இல் ஒன்பதைத் தேர்ந்தெடுத்தேன். (நேர்கோடு, நாலு முடியவில்லை.) நண்பர் ஒருவரிடம் இருந்த அப்ரைட்டை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கினேன். முந்தைய நாள் சுருதி கூட்டினார்கள். ஒலிமூலை சொன்னபடி காதைப் பொத்திக்கொண்டு சுற்றி நடந்தேன். நன்றாகக் கேட்ட இடம் வாசிப்பவரின் வலது தோளுக்குப் பின்னால் இருந்தது, அங்கேயே மைக் வைத்தேன். மூச்சு விடுவதும் சேர்ந்து பதிவாகிறது. பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் பதிவுகளில் அவர் முனகுவது கேட்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் வாசிப்பு வேறு, என் மூச்சு வேறு, தெரிகிறது.

டீச்சர் எழுதிக்கொடுத்த தாளில் என் மூன்றாவது துண்டைப் பார்த்தேன். அந்தத் தப்பு ஜி, தாளில் ஒரு சாதாரணக் கறுப்புப் புள்ளி. இன்னும் படிக்க வரவில்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

மேலே தள்ளி வாசிப்பது எனக்கு ஒட்டவில்லை. எட்டுத் துண்டுகள் பழைய சி-யிலேயே திரும்புகின்றன, அப்படியே விட்டுவிட்டேன். ஒன்பதாவதில் மட்டும், சுருதியை மாற்றாமல், கடைசிக்கு முந்தைய வரியில் சி-யைத் தாண்டி டி-யைத் தொடுகிறேன். ஒரே ஒரு முறை. பதினேழாவது டேக்கில் வந்தது. அதற்கு முன்னால் கை கொஞ்சம் தயங்குவது அலை வடிவத்தில் பார்த்தாலே தெரிகிறது, இடைவெளி விழுந்திருக்கிறது. இழுத்துச் சரிசெய்து பார்த்தேன். பிறகு திருப்பி வைத்துவிட்டேன்.

கோப்பு கீழே இருக்கிறது.

---

பின்னிரவு எழுதியது:

கேட்டேன். அந்த இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

---

ஒலிமூலை எழுதியது:

1:52இல் பெஞ்ச் கிறீச்சிடுகிறது. தெரியுமா?

---

சுண்டுவிரல் எழுதியது:

தெரியும். டி-யை எட்ட நகர்ந்தபோது வந்தது.